கப்பல் குத்திய கை

கடலைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். மாதனுக்கு அதுதான் கவலை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி மேலே இருந்தது அவன் ஊர். எண்பத்தேழாம் வருஷம், சாமைக் கொல்லையில் களையெடுப்பு முடிந்ததும் அவனும் மனைவி பாவாயியும் மலையிறங்கினார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், விழுப்புரத்தில் ஒரு பஸ் என்று மாறிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போன முதல் பயணம் அது. பகல் முழுக்க அலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும் நேரத்தில் மாதன் மணலில் சிப்பி பொறுக்கினான்.

“அது மலையேறதுக்குள்ள தூளாப் பூடும்,” என்றாள் பாவாயி. “கையில பச்ச குத்திக்க மாமா. யாரு கேட்டாலும் காட்டலாம்.”

பச்சை குத்துகிறவள் கடற்கரைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சேர்த்துக் கட்டிய ஊசிகளைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்துவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்தாள். அந்தத் தண்ணீர் காலையிலிருந்து மாற்றாமல் கறுத்துக் கிடந்தது. மாதன் கப்பல் வேண்டும் என்றான். முழங்கைக்குக் கீழே புகைக்குழாய் வைத்த கப்பல் ஒன்றைக் குத்தி, அடியில் இரண்டு அலையும் போட்டாள். “இன்னொரு அலை போடும்மா,” என்று கேட்டு வாங்கியவளும் பாவாயிதான். மாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

ஊரில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் இருசப்பன் விரலால் தடவிப் பார்த்து, “இம்மாம் பெருசாவா இருக்கும்?” என்றான்.

“கைல இருக்கறது இல்லண்ணா. நெசக் கப்பலு நம்ம ஊரத்தன பெருசு.”

பிறகு கை வீங்கியது. முதலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். வீக்கம் கேட்கவில்லை. தோல் இழுபட்டுக் கப்பல் அகலமாகிக்கொண்டே போனது. அலைகளுக்கு நடுவில் சீழ் கட்டியது. சிவப்புக் கோடு ஒன்று உள்கை வழியாக அக்குள் வரைக்கும் ஏறியது. காய்ச்சல் ஏறி அவன் பிதற்றத் தொடங்கிய அன்று விடிந்ததும் கம்பளியில் தூளி கட்டி, மூங்கில் கழியில் மாட்டி, இருசப்பனும் பக்கத்து வீட்டுச் சின்னதுரையும் தோளில் தூக்கினார்கள். பாவாயி பின்னாலேயே நடந்தாள். கச்சிராயபாளையம் போய்விட்டால் பஸ் இருக்கிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி அதற்கப்புறம் தூரமில்லை. வழி முழுக்க அதையே அவள் மாதனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில் இறங்கிக் கச்சிராயபாளையம் சேர்ந்தபோது பஸ் நிற்குமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. வாசலில் நின்ற ஒரு பெரியவர்தான் விஷயம் சொன்னார்.

“எடஒதுக்கீடு கேட்டு மறியல்மா. ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடாது. உங்க மலைக்குத் தெரியாதா?”

தெரியாது. மலைக்கு யார் வந்து சொன்னார்கள்?

மாதன் கண்ணைத் திறந்து, “கடல் சத்தம் கேக்குது,” என்றான். அவன் நெற்றியில் கையை வைத்த பாவாயி உடனே எடுத்துவிட்டாள். “நில்லாதீங்க, நடங்க,” என்றாள்.

தார் ரோட்டில் நடந்தார்கள். முதல் புளியமரம் ரோட்டை அடைத்து விழுந்து கிடந்தது. தூளியை இறக்கி, கிளைகளுக்கு நடுவே மாதனைக் கைமாற்றித் தூக்கி அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். கிளை ஒன்று கையில் பட்டதும் அவன் அலறினான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு மரம். அதையும் தாண்டியபோது சின்னதுரையின் தோள் புண்ணாகியிருந்தது. மூன்றாவது மரத்தருகே ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். ரோட்டில் கிடந்தது போதாதென்று ஓரத்து மரத்தையும் பாதி வெட்டியிருந்தார்கள். கோடாலியோடு நின்றவன் பெயர் தங்கதுரை. கரும்பு விவசாயி.

பாவாயி அவன் காலில் விழப் போனாள். அவன் நகர்ந்துகொண்டான்.

“எங்கிட்ட வண்டி இல்லம்மா. இருந்தாலும் எப்பிடி ஓட்டறது? இங்கேருந்து கள்ளக்குறிச்சி வரிக்கும் மரந்தான்.”

“நீங்க வெட்டுனதுதான?”

“நாங்க வெட்டுனதுதான். எங்க புள்ளைங்களுக்குக் காலேஜில எடம் இல்ல, சர்க்காரு வேல இல்ல. கேட்டுக் கேட்டுப் பாத்துட்டோம். யாரு காதுலயும் ஏறல.”

“எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? எம் புருசன் செத்துக்கினு கீறான்.”

தங்கதுரை தூளிக்குள் குனிந்து பார்த்தான். நாற்றம் அடித்ததும் முகத்தைத் திருப்பவில்லை. கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டான். “தோள் மாத்திக்கலாம் வாங்க. நாலு பேரு போனா சீக்கிரம் போலாம்.”

அவர்கள் கழியைத் தூக்கி இரண்டு அடி வைப்பதற்குள் எதிரே எஞ்சின் சத்தம் கேட்டது. வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு போலீஸ் வேன் வந்துகொண்டிருந்தது. அது நிற்பதற்கு முன்பே லத்திகள் இறங்கி ஓடிவந்தன. கழி தோளிலிருந்து நழுவியது. மாதன் ரோட்டில் விழுந்தான். தங்கதுரையும் ஆட்களும் கரும்புக்குள் பாய்ந்தார்கள். சின்னதுரையும் ஓடினான். இருசப்பன் ஒரு கணம் நின்றான். முதுகில் ஒரு அடி விழுந்ததும் அவனும் ஓடினான்.

“உங்க தம்பி கெடக்கறாரு,” என்று இருசப்பனைப் பார்த்துப் பாவாயி கத்தினாள். கரும்புச் சோகை அசைந்து நின்றது. அவன் திரும்பி வரவில்லை.

வேனிலிருந்து இறங்கிய அதிகாரியிடம் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சாமி, ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போங்க. உசுரு போவுது.”

“வேன் ஆஸ்பத்திரிக்கு வரல. மரம் வெட்டுறவன ஏத்த வந்துகீது. ஓரமாத் தூக்கிப் போட்டுக்க.”

“ஓரமாப் போட்டா செத்துடுவாருங்க.”

“அதுக்கு நான் இன்னா செய்யறது? ராத்திரியிலேருந்து நூறு பேரு நூறு கத சொல்லிட்டாங்க.”

அவர் வேனைத் திருப்பச் சொன்னார். வந்த வழி இப்போது திறந்து கிடந்தது. அந்த ரோட்டில் ஓடக்கூடியது அந்த ஒரு வண்டிதான். பாவாயி அதைப் பார்த்தாள். மாதனைப் பார்த்தாள். அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

தங்கதுரை போட்டுவிட்டுப் போன கோடாலி காலடியில் கிடந்தது. எடுத்தாள். பாதி வெட்டியிருந்த மரத்தின் முன்னால் காலை அகட்டி நின்று ஓங்கி வெட்டினாள். விறகு வெட்டிப் பழகிய கை. சிராய் தெறித்தது. மறுபடி வெட்டினாள். ஒரு போலீஸ்காரர் சிரித்தார். இன்னொருவர் ஓடிவந்து கோடாலியைப் பிடுங்கினார்.

“நான்தான் வெட்டுனேன்,” என்றாள் பாவாயி. அவளுக்கு மூச்சு வாங்கியது. “அங்க கெடக்கறதும் நாந்தான். அவரும்தான். மொதல்ல வெட்டுனது அவருதான். அந்தக் கை அதுலதான் போச்சி. ரெண்டு பேரையும் புடிங்க.”

அதிகாரி மாதனின் கையில் சுற்றியிருந்த துணியை லத்தி நுனியால் விலக்கினார். கப்பலின் புகைக்குழாய் மட்டும் அடையாளம் தெரிந்தது. 

“எந்த ஊரு?”

மலை என்று சொன்னால், மலைக்காரிக்கு மறியலில் என்ன வேலை என்று விட்டுவிடுவார்கள். “கச்சிராயபாளையம்,” என்றாள்.

“இதுல எத்தினி மாசம் உள்ள இருக்கணும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க. புடிங்க.”

“ஏத்துய்யா,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

ஆஸ்பத்திரி வாசலில் மாதனை இறக்கினார்கள். இறங்கப் போன பாவாயியைக் கம்பிக்குப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார்கள். தள்ளுவண்டி உள்ளே போவது வரைக்கும்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவளையும் வேறு பெண்களையும் போலீஸ் பஸ்ஸில் ஏற்றித் தொலைவிலிருந்த ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே அவள் சோற்றைத் தொடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாதன் என்று ஒருத்தர் இருக்கிறாரா என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் களமருதூர்ப் பச்சையம்மாள். ரோட்டில் உட்கார்ந்து கைதானவள்.

“உங்க ஊர்ல எத்தினி மரம் சாச்சீங்க?” என்று பெருமையாகக் கேட்டாள்.

பாவாயி நடந்ததைச் சொன்னாள். பச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

“எங்க ஊர்லயும் ஒரு புள்ளத்தாச்சி வந்தா. நாந்தான் வண்டி போவாதுன்னு திருப்பி அனுப்புனேன். இன்னா ஆனாளோ.” பிறகு தட்டை நகர்த்தி வைத்தாள். “ரெண்டு வாயி துன்னு. அவுரு இருந்தா நீ நடந்து போவணுமில்ல.”

பச்சையம்மாளைப் பார்க்க வந்த அவள் தம்பி விசாரித்து வந்து சொன்னது ஒரே வரி. அந்த ஆளை அன்றைக்கே போலீஸ் வண்டியில் கடலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் தெரியாது. அன்று பாவாயி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிடித்த கை மரத்துப்போன பிறகும் விடவில்லை.

பிடித்தவர்களைக் கூட்டமாக வெளியே விட்டபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. அவள் கேட்டுக் கேட்டுக் கடலூருக்குப் போனாள். ஆஸ்பத்திரி நடையில் வரிசையாகக் கிடந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு எலும்புக்கூடு, “பாவாயி,” என்றது.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதையை அறுத்தெடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். கை இருந்தது. விரல்கள் மடங்கவில்லை. காலில் விலங்கு போட்டிருந்த தழும்பு தெரிந்தது.

“ஏன்டி ஒத்துக்கினே?” என்றான். “நான் வெட்லன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உன் பொண்டாட்டியே சொல்லிட்டான்னு போலீசுக்காரங்க சிரிச்சாங்க.”

 பாவாயி அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். விட்டதும் அவை பழையபடி விறைத்துக்கொண்டன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. போலீஸ் வேனிலும் ஜெயிலிலும் வராத அழுகை, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்காரும்படி வந்தது. மாதன் நல்ல கையை அவள் தலையில் வைத்தான்.

அழுகை ஓய்ந்த பிறகு, “சாமை இன்னா ஆச்சி?” என்று கேட்டாள்.

“அண்ணன் அறுத்துப் போட்டுட்டாராம். சின்னதுரை வந்து சொன்னான்.”

“அவுரு வரலியா?”

“வரல.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஊருக்குப் போனா நீ அண்ணன ஒண்ணும் கேக்காத மாமா,” என்றாள். “அவுரு முதுகுல அடி பலமாத்தான் வுழுந்திச்சி. நான் பாத்தேன்.”