அன்னாசி போட்ட கறி உருண்டை

முதல் உருண்டை எண்ணெயில் விழுந்ததுமே உடைந்து சிதறியது. திலகவதி அதைக் கரண்டியால் அள்ளி ஓரமாகப் போட்டாள்.

"ஈரம் கூடிப்போச்சு. இன்னொரு ரொட்டித் துண்டப் பிச்சுப் போட்டுப் பெசை" என்றார் அவள் கணவர் சோலையப்பன், கூடத்துக் கட்டிலிலிருந்து. கண்களை மூடித்தான் படுத்திருந்தார். எண்ணெயின் சத்தத்தை வைத்தே சொன்னார்.

ஈரலுக்கு இனி வைத்தியம் இல்லை என்று தஞ்சாவூரிலிருந்து அவரை அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிறது. கேட்டதைக் கொடுங்கள் என்றிருந்தார் டாக்டர். பதினோரு நாள் அவர் எதுவும் கேட்கவில்லை. இன்று காலையில்தான் வாயைத் திறந்தார். பொரித்த கறி உருண்டை, அன்னாசிப்பழச் சாற்றில் போட்டது. கீரமங்கலத்துக்கு ஆள் அனுப்பிக் கொத்துக்கறியும் பழமும் வாங்கிவரச் செய்தாள்.

அவளுக்குக் கோலா உருண்டை தெரியும். கை தானாகப் பொட்டுக்கடலைக்கும் சோம்புக்கும் போனபோதெல்லாம் அவர் தடுத்தார். உப்பு, மிளகு, வெங்காயம் போதுமாம்.

"கறியில போயி சீனியப் போடச் சொல்றீங்க. இதெல்லாம் எங்க சாப்ட்டீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"சாப்டல. பண்ணுனேன்."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"குவைத்துல நான் ஸ்டோர்கீப்பர் இல்ல, திலகா. சமையக்காரன். இருவத்திரெண்டு வருசமும்."

கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைத்ததில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அதை அவள் பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"மொதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்பறம் வருசம் ஓடிப்போச்சு." மூச்சு வாங்கினார். "பழம் வெந்துருச்சா? வினிகர ஊத்து. சோள மாவக் கரைச்சு ஊத்திக் கட்டி தட்டாமக் கிண்டு."

அவளுக்குக் கோபம் வந்தது. கை மட்டும் கிண்டிக்கொண்டேயிருந்தது. தக்காளி சாஸ் சேர்ந்ததும் மஞ்சள் சாறு சிவந்து, கெட்டிப்பட்டுப் பளபளத்தது. உருண்டைகளைப் போட்டுப் பிரட்டிவிட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் மிளகின் உறைப்பு. நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒரு உருண்டையை மசித்து ஸ்பூனில் கொண்டுபோனாள். அவர் விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார்.

"புளிப்பு தூக்கலா இருக்கு. இன்னொரு ஸ்பூன் சீனி."

"இருங்க, போட்டுக் கொண்டாரேன்."

சீனியைப் போட்டு ஒரு கொதி விட்டு அவள் திரும்பி வந்தபோது, அவருடைய கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

மூன்று மணிக்குள் வாசலில் சாமியானா கட்டிவிட்டார்கள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்த அவருடைய அக்கா செங்கமலம், அழுது முடித்ததும் வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"சமைச்சது எதுவும் இருந்தாக் கொட்டிரு திலகா. ஆகாது."

"சரி அண்ணி" என்றாள். கொட்டவில்லை.

மகள் கார்த்திகா திருச்சியிலிருந்து நாலு மணிக்கு வந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை அழுதாள். பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். திலகவதியும் பின்னாலேயே போனாள்.

கார்த்திகா சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"அப்பா சொல்லச் சொல்ல நான் பண்ணுனது."

"அப்பாவா? அவருக்கு டீ கூடப் போடத் தெரியாதேம்மா."

திலகவதி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். அதிக நேரம் பிடிக்கவில்லை.

கார்த்திகா முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. விரலால் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

செங்கமலம் வரும் சத்தம் கேட்டது. திலகவதி வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"எங்க கார்த்திகா?"

"உள்ள சேலை மாத்துறா அண்ணி. கொஞ்சம் பொறுங்க."