கோட்டு போட்ட அத்தா

1

இந்தக் கதை என் அற்ப ஆசையில் பிறந்தது. 2006 தொடக்கத்தில், புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் வேண்டுமென்று கிளியனூரிலிருந்து மரக்காணம் போய், பக்தவச்சலத்தின் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். அவர் படம் பிடித்து முடித்ததும், உள்ளே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஹஸ்னா, கோட்டு போட்டுவிடலாமா என்று கேட்டாள். எனக்குக் கோட்டே கிடையாது. இருந்தும் போடச் சொன்னேன். சற்று நேரத்தில் என் தலை யாரோ ஒருவன் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. நன்றாகத்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தேன்.

உப்புக் குவியல்கள் பனிமலைகளைப் போல

[நிறுத்திவிட்டேன். மரக்காணத்தில் பனிமலையைக் கண்டவர் யார்? ஸ்டுடியோவின் பின்திரையில் ஒன்று இருக்கிறது, அதுவும் கிழிசல்.]

ஹஸ்னா அழகி. ஆனால் அவள் கண்களில் ஏதோ ஒரு

[இதுவும் வேண்டாம். அவள் இதைப் படிப்பாள்.]

கூனிமேட்டு ஹஸ்னாவுக்கு ஒரே ஒரு கவலை. வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் கணவனை, அவனை ஒருமுறைகூடப் பார்த்திராத மகள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

[இது இருக்கட்டும். இந்த வரிக்கு வந்துசேர எட்டு மாதமாயிற்று.]

2

கதைக்குள் போவதற்கு முன் அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம். அவசரக்காரர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அதன் பெயர் கிம்ப். கட்டற்ற மென்பொருள், யாரும் காசு கொடுக்க வேண்டாம், யாரும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம். ஆரோவில்லில் வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் சிடியில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஹஸ்னா பார்த்தாள். திறந்தால் ஒரு ஜன்னலுக்கு நாலு ஜன்னலாக விரியும், தேடுவது எப்போதும் இன்னொன்றின் பின்னால் ஒளிந்திருக்கும். அச்சகத்துக்காரர் கேட்கும் நாலு மை நிறத்தில் படத்தைக் கொடுக்க அதற்குத் தெரியாது. முகத்தை வெளுப்பாக்கிச் சேமித்து மூடிவிட்டால், பழைய நிறம் போனது போனதுதான்.

ஆனாலும் திட்டிக்கொண்டே அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் 2.2 பதிப்பு வந்தபோது, பல மாற்றங்களைப் படத்தில் ஏற்றும் முன்பே சின்னதாகக் காட்டும் வசதி வந்தது. அன்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாளாம். அதை எழுதும் முகம் தெரியாதவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல இழுக்கிறார்கள். தேர் மெதுவாகத்தான் நகரும். எனக்கும் அவர்கள் மேல் பிரியம் வந்துவிட்டது. நானும் ஒரே கதையை எட்டு மாதம் எழுதுகிறவன்.

3

ஹஸ்னாவின் கணவன் தௌபீக் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது ரிஸ்வானா வயிற்றில் இருந்தாள். கம்பெனி மூன்று வருடமாக லீவு தரவில்லை. அவன் விட்டுப்போன படம் ஒரு பாஸ்போர்ட் போட்டோ மட்டும்.

எங்கள் கடற்கரை ஸ்டுடியோக்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சவூதியில் இருப்பவரின் தலையை வெட்டி, சிடியில் வரும் கோட்டு உடம்பில் பொருத்தி, மனைவி மக்கள் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். ஹஸ்னா ஊருக்கெல்லாம் செய்தாள், தனக்கும் செய்துகொண்டாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு படம். மகள் வளர்ந்தாள், அத்தா என்று அவள் கூப்பிடக் கற்ற அப்பா அதே நீலக் கோட்டில் அவள் தோளில் கைவைத்து நின்றார். முகத்தைக் கோட்டுக்காரனின் கைநிறத்துக்கு ஏற்ப வெளுப்பாக்கியிருந்தாள்.

போன மாதம் ஈசிஆர் சாலையில் ஹஸ்னாவும் மகளும் பஸ்ஸுக்கு நின்றபோது, கோட்டு போட்ட ஒருவர் காரிலிருந்து இறங்கி வழி கேட்டிருக்கிறார். ரிஸ்வானா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அத்தா என்றாள். விடவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சினார். ஹஸ்னாவும் சிரித்தாள். பஸ்ஸில் ஏறியபின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இதை என்னிடம் சொல்லும்போது, "படத்துல இருக்குற அந்தக் கையே அவரோடது இல்ல சார்," என்றாள்.

4

படங்களில் இருந்த கோட்டைக் கழற்ற முயன்றாள். மென்பொருளில் முகம் ஒரு அடுக்கிலும் உடம்பு இன்னொரு அடுக்கிலுமாக இருந்தவற்றை, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று ஒரே படமாக ஒட்டிச் சேமித்து, மூலப் படங்களை அழித்திருந்தாள். இது மென்பொருளின் தப்பல்ல, சிக்கனத்தின் தப்பு.

"கைய எடுத்தா பாப்பா தோளு ஓட்டையா போயிடுது சார்."

செய்ததையெல்லாம் பின்னால் பிரித்தெடுக்க ஒரு வழி வேண்டுமென்று, ஆரோக்கியராஜை இங்கிலீஷில் எழுதச் சொல்லி அந்த முகம் தெரியாதவர்களுக்கு மெயில் அனுப்பினாள். பதில் வந்தது: நல்ல யோசனை, எங்களுக்கும் ஆசைதான், வருடக்கணக்கில் ஆகும், நீங்களும் சேர்ந்து எழுதுகிறீர்களா?

"எனக்கு வெள்ளிக்கிழம வரைக்கும்தான் டைம் இருக்குதுன்னு எழுதுப்பா," என்றிருக்கிறாள்.

[இந்த இடத்தில் பக்தவச்சலத்துக்குத் தௌபீக்கின் சட்டையை மாட்டிவிட்டுப் படமெடுப்பதாக எழுதினேன். அடித்துவிட்டேன். அப்புறம் குழந்தை அவரை அத்தா என்று கூப்பிடும்.]

கடைசியில் பீரோவிலிருந்த அவன் கட்டம்போட்ட சட்டையை நாற்காலியில் மாட்டிப் படமெடுத்தாள். தம்மாமில் தொழிலாளர் கேம்பிலிருந்து அவன் அண்மையில் அனுப்பிய படத்தில் ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த கறுத்த முகத்தை அதில் வைத்தாள். மகளிடம் காட்டினாள்.

"இது யாரும்மா?" என்றது குழந்தை.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று எழுதினேன்.

முதலாவதில் தௌபீக் வாடகைக் கோட்டு போட்டு வருகிறான். [சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு மனிதன் தன் வீட்டுக்கு மாறுவேஷத்தில் வருவதா?]

இரண்டாவதில் குழந்தை அலறுகிறது, அவன் திரும்பிப்போகும் விமான டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு [எனக்கு மனது வரவில்லை.]

மூன்றாவதில் ரிஸ்வானா ஒரு கணம் தயங்கி, ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அருமையாக வந்திருந்தது. புதன்கிழமை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய் ஹஸ்னாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"இந்தக் கடைசிய எடுத்துடுங்க சார்."

நன்றாக இல்லையா என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குது. அதான் பயமா இருக்குது. ஏற்கெனவே நான் ஒருத்தர ஒட்டி வெச்சி அவள ஏமாத்திட்டேன். நீங்க என்னய ஏமாத்தாதீங்க."

எடுத்துவிட்டேன். எட்டு மாதத்தில் நான் எழுதிய நல்ல பக்கம் அதுதான், வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வாசகரே, இதோ உங்களிடம் விட்டுவைப்பது. வெள்ளிக்கிழமை. கூனிமேட்டில் வேன் வந்து நிற்கிறது. கறுத்து இளைத்த ஒருவன், கசங்கிய சட்டையோடு, கையில் பொம்மைப் பெட்டியை வைத்துக்கொண்டு இறங்குகிறான். வாசலில் நிற்கும் குழந்தை அவனைப் பார்க்கிறது. அவனும் அங்கேயே நின்றுவிட்டான், ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. இதற்கு மேல் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவளை அவசரப்படுத்தாதீர்கள்.