யாரும் வரவில்லை என்ற பதில்

கையில் டேப்லெட்டோடு படியேறி வந்த பெண்ணைப் பார்த்ததுமே தையல்காரி மெஷினை நிறுத்தினாள். அடிக்கடி வரும் வெள்ளத்தை இந்த ஊர் எந்த அளவுக்குத் தாங்கும் என்று கணக்கெடுக்க வந்திருக்கிறாளாம். தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறார்கள்? போன தடவையும் ஒருத்தர் இப்படித்தான் சிரித்துச் சிரித்துக் கேட்டார். "நாங்க சமாளிச்சுக்குவோம் சார்" என்று ஊரே பெருமையடித்தது. சமாளிப்பவர்களுக்கு அரசாங்கத்தின் மீட்புப் படகு எதற்கு? அது பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அடுத்த மழையில் இங்கே கழுத்தளவு தண்ணீர்.

உள்ளே கட்டிலில் கால் விளங்காத புருஷன். இந்த முறை படகு இங்கே வந்தே ஆக வேண்டும்.

"வெள்ளம் வந்தா தையல் மெஷினை எங்கக்கா வைப்பீங்க?"

அக்காவாம்! பேச்சில் தேன் ஒழுகுகிறது.

"எங்க வைக்க? நனைஞ்சு நாசமாத்தான் போகும்."

சொன்னவள், கண் பரண் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். வந்தவளோ நிமிர்ந்து, மெஷினை மேலே இழுக்கும் கயிற்றையே பார்த்தாள். கள்ளி, எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

"போன வெள்ளத்துல கட்டில்ல இருக்கற அண்ணனை யாரு வெளிய தூக்கிட்டுப் போனா?"

"யாரும் வரல. இங்க அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு. நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

"சரிக்கா. பக்கத்துல யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

இப்படி ஒரு விதி இருப்பது யாருக்குத் தெரியும்! அதற்குள் வந்தவள் வாசலுக்குப் போய் எதிர்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டுவிட்டாள்.

மரத்தூளைத் தட்டிக்கொண்டே தச்சர் வந்தார். அன்றைக்குப் புருஷனைத் தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். திரும்பி வருவதற்குள் அவருடைய உளி, இழைப்புளி எல்லாம் தண்ணீரோடு போயிருந்தன. இன்றுவரை இரவல் உளியில்தான் பிழைப்பு.

அந்தப் பெண் பதிலைப் படித்துக் காட்டினாள். "உதவிக்கு யாரும் வரலன்னு சொல்றாங்க. உண்மைதானா?"

தச்சர் தையல்காரியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஆமாம்மா. யாரும் வரல." விரலாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கணக்கெடுக்க வந்தவள் தெருமுனை தாண்டியதும் தையல்காரி ஓடிப்போய் அவரை மறித்தாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் சுட்டது.

"அண்ணே, படகுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"புரியுதும்மா. நானும் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்." அவர் தன் வீட்டுக் கதவில் கை வைத்தார். "ஆனா ஒண்ணு. படகு வரலைன்னா, என் பேரைச் சொல்லிக் கூப்பிடாத."