துஷ்யந்தி நசுக்கிய சில்லு

"கோயிலடி வரைக்கும்தான். அதுக்கு அங்கால வரமாட்டன்," என்றாள் துஷ்யந்தி, சில்லுக் கடை வாசலில் ஹெல்மெட் பட்டியை இறுக்கியபடி.

அவள் கணவன் கஜேந்திரனுக்கு அதுவே போதும். ஐந்து மாதத்துக்கு முன், வாகனங்கள் நெருக்கும் காலி வீதியில், அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின் சில்லில் துருப்பிடித்த ஆரக்கம்பிகள் உடைந்து இருவரும் விழுந்தார்கள். அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகு அவள் பைக்கின் பக்கமே போகவில்லை. இன்று காலை தேத்தண்ணி ஊற்றும்போது, "ஒருக்கா ஏறிப் பாக்கிறன். பயமா இருந்தா வித்துப்போடுவம்," என்று அவளாகவே சொன்னாள்.

அவள் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டுமென்று, பைக்கை வாங்கி வைத்திருந்த, கொட்டாஞ்சேனையில் சில்லுக் கட்டும் றமேஷுக்குப் போனுக்கு மேல் போன் எடுத்தான். ஓட்டோவில் அவர்கள் வந்து இறங்கியபோது சில்லு தயார். புது ரிம், புதுக் கம்பிகள். சுழற்றிவிட்டால் நெளிவே தெரியவில்லை.

பைக் புறப்பட்டது. கடைவாசல் தாண்டியதுதான் தாமதம், காலடியில் 'டிங்' என்றது. பிறகு, 'டிங், டிங்.'

"நிப்பாட்டுங்கோ! கம்பி உடையுது!" துஷ்யந்தி அவன் முதுகில் அடித்தாள். இறங்கி, மணிக்கட்டைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். "இண்டைக்கே வித்துப்போடுங்கோ."

றமேஷ் ஓடிவந்து குந்தி, சில்லைத் தடவிப் பார்த்தான்.

"ஒண்டும் உடையேல்லை அக்கா. பிழை என்ரதான். கம்பிச் சாவி போட்டு இறுக்கேக்க கம்பியும் கொஞ்சம் சேர்ந்து முறுகும். கட்டி முடிச்ச உடன ரெண்டு ரெண்டாப் பிடிச்சு நசுக்கோணும். அப்பதான் அந்த முறுக்கு விடும். இண்டைக்கு நசுக்காம விட்டிட்டன். இப்ப உங்கட பாரத்தில தானா விடுது."

"என்ர பாரமோ?"

"ஐயோ, ரெண்டு பேற்ற பாரமும் அக்கா!"

"ஏன் தம்பி விட்டனீர்?"

"அண்ணை போனை வைக்கேல்லையே."

துஷ்யந்தி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு, "நீர் மனம் மாறிடுவீர் எண்டு பயந்தனான்," என்றான்.

"மாறினா மாறட்டும். அதுக்காக அரைகுறைச் சில்லிலயோ என்னை ஏத்துறது?"

கஜேந்திரன் பைக்கைக் கடைக்குள் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தினான். றமேஷ் கையுறையை மாட்டப் போனான்.

"அதை இஞ்ச தாரும். நான் நசுக்கிறன்," என்றாள் துஷ்யந்தி.

எண்ணெய் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். முதல் இரண்டு கம்பிகளைச் சேர்த்து நெரித்தாள். 'டிங்.' கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். கம்பி கம்பியாகவே இருந்தது. அடுத்த இரண்டு. அவள் இடது மணிக்கட்டைத் தடவ, கஜேந்திரன் தன் கையை நீட்டினான்.

"நீங்கள் தொடவேண்டாம். சில்லு சுத்தாம பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நசுக்கினாள். இம்முறை ஒரு சத்தமும் இல்லை. நசுக்கியதில் சில்லு ஒருபக்கம் லேசாக நெளிந்திருந்தது. றமேஷ் ஆறுதலாக, கம்பி கம்பியாகத் திருகி அந்த நெளிவை எடுத்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

மறுபடி ஏறினார்கள். இயந்திரம் மட்டும் தடதடத்தது. கோயிலடியில் கஜேந்திரன் வேகத்தைக் குறைத்தான்.

"வந்திட்டுது. இறங்குறீரோ?"

"ஏன் இறங்க? நான் நசுக்கின சில்லு," என்றாள் துஷ்யந்தி. "வீட்டுக்கே விடுங்கோ. காலி வீதியால."