யோசிக்கிற வேன்

ஜசிந்தாவின் வேன் யோசிக்கும். மிதித்தால் உடனே போகாது. ஒரு கணம் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்படும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேனுக்கு இது நல்ல குணம் இல்லை.

மூன்றாவது தடவையாக அவள் அதை என் கராஜுக்குள் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“பாஸ், திரும்பவும் அந்த மஞ்சள் லைட். ரயில் கடவை மேல ஏறினதும் நின்னு யோசிக்குது. தண்டவாளத்து மேல, பாஸ்! பிள்ளைங்க என்னடான்னா ‘போ, போ’ன்னு கை தட்டுதுங்க.”

“கேட் திறந்துதானே இருந்துச்சு?”

“எப்பவும் திறந்தே இருக்குமா?”

கை தட்டிய பிள்ளைகளில் ஒன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடித்தும் காட்டியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் வென்னப்புவவில் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையும் வேன் யோசித்தால் மறுநாளிலிருந்து பிள்ளைகள் நோயலின் புது வேனில் போவார்கள் என்று முடிவு. நோயலின் வேனில் ஏசி இருக்கிறது, கார்ட்டூன் ஓடுகிறது. ஜசிந்தாவின் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேனால்தான். அவள் புருஷன் கிளாரன்ஸ் இத்தாலியில் இருக்கிறான். வேலை போய் வெகு நாளாகிறது. பணம் வருவதில்லை, அறிவுரை மட்டும் தவறாமல் வரும்.

அன்றும் போனில் முகத்தைக் காட்டினான். “பாஸ், பெட்ரோல் ஃபில்டரப் பாருங்க. இங்கெல்லாம் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க.”

“போன தடவையே மாத்தியாச்சு தம்பி.”

“அப்ப ப்ளக்.”

“அதுவும்.”

கிளாரன்ஸ் அசையாமல் யோசித்தான். குடும்பமே அப்படி.

இந்த மாதிரிப் பழைய ஜப்பான் வேன்களில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு துளைகளைக் காகிதக் கிளிப்பால் இணைத்தால், மஞ்சள் லைட் சிமிட்டிச் சிமிட்டி வியாதியைச் சொல்லும். நாலு சிமிட்டல், ஒரு இடைவெளி, ஒரு சிமிட்டல். நாற்பத்தொன்று. எவ்வளவு மிதிக்கிறோம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் சென்சார் உளறுகிறது என்று அர்த்தம். முதல் தடவையும் நாற்பத்தொன்று, இரண்டாம் தடவையும் நாற்பத்தொன்று. இரண்டு தடவையும் சென்சாரை மாற்றினேன், கடல்காற்றைத் திட்டினேன். எங்கள் கரையில் பூட்டு துருப்பிடித்தாலும், வானொலி இருமினாலும், எனக்கு முட்டி வலித்தாலும் கடல்காற்றுதான். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஆனால் இந்தச் சென்சார் புதிது. மூன்றாவதை வாங்க எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் போகிற வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சைக் களிம்பு, அதன் மேல் வெள்ளையாக உப்பு. கடல்காற்று என்னதான் கெட்டதானாலும், சீட்டுக்கு அடியில் போய் ஒரே ஒரு வயரை மட்டும் தின்னாது.

முனையை வெட்டிப் புதிது போட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஜசிந்தா வந்தாள். கடற்கரை ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். வேன் எதையும் யோசிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

“ஒரு நிமிஷம் பாஸ்,” என்றாள். கைப்பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தாள். சீட்டைத் தூக்கினாள். மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாக, எஞ்சின் மேல் தாராளமாக ஒரு சிலுவை ஊற்றினாள். சிலுவையின் இரண்டு கட்டையும் சந்தித்த இடம் என் புது முனை.

“என்ன இழவு அது?”

“வாயக் கழுவுங்க! அந்தோனியார் கோயில் தீர்த்தம். செவ்வாய்க்கிழமை நவநாள் பூசையில கொண்டுவருவேன். முதல் தடவை லைட் எரிஞ்சதிலேருந்து வாராவாரம் ஊத்துறேன்.”

எங்கள் ஃபாதர் பழைய முறைக்காரர். தீர்த்தத்தில் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார். உப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். முதல் தடவை சென்சார் நிஜமாகவே பழசாகியிருக்கும், அதற்குப் பிறகு எல்லாம் இந்த உப்புதான்.

“ஸ்டார்ட் பண்ணி மிதி,” என்றேன்.

மிதித்தாள். வேன் யோசித்தது. மஞ்சள் லைட் எரிந்தது.

“பாத்தீங்களா?” என்றாள். “ஊத்தியுமே இப்படின்னா, ஊத்தாட்டி எப்படி இருக்கும்!”

“அம்மா தாயே, ஊத்துறதாலதான் இப்படி!”

“அந்தோனியார் மேலயா பழி போடுறீங்க? நீங்க ரெண்டு தடவை கடல்காத்துன்னீங்க!”

“சரி, கடல்காத்து இல்ல. உன் தீர்த்தத்து உப்பு. என்னை நம்பி வேனக் கொடுத்தா, அப்புறம் எதுக்குத் தண்ணி?”

“நோய்க்கும் பாக்கணும், பேய்க்கும் பாக்கணும்.” சொல்லிவிட்டுப் போத்தலை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினாள். “எஞ்சினுக்கா ஊத்துறேன் பாஸ்? முதல் தடவையும் தண்டவாளத்து மேலதான் நின்னுச்சு, அப்பக் கண்ணாடியில பாத்தேன். எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க. எனக்கு மட்டும்தான் பயம். அதிலேருந்து தூக்கமே இல்ல. அம்மாக்காரிங்க போனாப் போகட்டும்னு இருந்திருவேன். அந்த முகங்கள என்ன பண்றது?”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊற்றாதே என்று சொன்னால் தலையாட்டுவாள். செவ்வாய்க்கிழமை திருட்டுத்தனமாக ஊற்றுவாள். பயந்தவளிடமிருந்து போத்தலைப் பிடுங்குகிற வேலையை நான் கற்கவில்லை.

முனையை மறுபடி கழற்றித் துடைத்தேன். உலர்த்தினேன். உள்ளே கிரீஸை அடைத்தேன். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி அதற்குச் சட்டை போட்டு, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ஃப்யூஸைக் கழற்றிப் போட்டுப் பழைய நாற்பத்தொன்றை அழித்தேன், லைட் அணைந்தது. பிறகு கை நீட்டினேன்.

“போத்தலக் கொடு.”

“எதுக்கு?”

“கொடுன்னா கொடு.”

மிச்சமிருந்த தீர்த்தம் முழுவதையும் நானே ஊற்றினேன். சிலுவையாகத்தான். ஜசிந்தா ஏறி மிதித்தாள். எஞ்சின் உடனே கத்தியது. மஞ்சள் லைட் வாயைத் திறக்கவில்லை.

“இனி உன் இஷ்டம்,” என்றேன். “போத்தல் போத்தலா ஊத்து.”

திங்கட்கிழமை காலையில் எனக்குப் பாண் வாங்க வேண்டியிருந்தது. பேக்கரி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. நான் ரயில் கடவை வரைக்கும் நடந்தேன். கேட் திறந்திருந்தது. வேன் வந்தது. பிள்ளைகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, கை தட்டத் தயாராக இருந்தார்கள். ஜசிந்தா நேராகப் பார்த்தபடி மிதித்தாள். வேன் தண்டவாளத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டது.

பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். தட்டாத கைகளோடு பின்கண்ணாடி வழியே என்னை முறைத்தார்கள். நான் மூச்சுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், என் வலது கை நெற்றியில் இருந்தது. ஆரம்பித்ததை அரைகுறையாக விடக்கூடாதென்று, சிலுவையை முழுசாகப் போட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனேன்.