வேகம் கூட்டிய குரல்

எபெர்த்தோ ரியாஸ்கோஸ் தன் புதிய இசைத்தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடனக்கூடத்துக்குள் நுழைந்தபோது, வாசல் மேசைக்காரர்கள் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் அவருடைய வெள்ளைச் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது. எழுபத்துநான்கு வயது. கொலம்பியாவில் சல்சா பாடிப் பிழைத்தவர்களில் மிஞ்சியிருப்பவர். எங்கள் ஊருக்குக் காலி என்று பெயர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. இங்கே ஆட வருகிறவர்கள் எல்லோரும் பேரப்பிள்ளை எடுத்தவர்கள். பார்த்த மாத்திரத்தில் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"'படகு காத்திருக்காது' உண்டா வாத்தியாரே?"

"கொண்டாந்திருக்கேன்" என்றார் அன்றைக்கு.

அந்தப் பாட்டை அவர் மெதயின் நகரத்து ஸ்டுடியோவில் முதன்முதலாகப் பாடியபோது இருபத்திரண்டு வயது. நிதானமான பாட்டு. துறைமுகத்தில் ஒருத்தியை விட்டுவிட்டுப் படகேறியவன் திரும்பித் திரும்பிக் கரையைப் பார்க்கிறான். அந்த ஒருத்தி நொயெமி, பிறகு அவர் கட்டிக்கொண்டவள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் சும்மா இருக்காது. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓட வேண்டிய தட்டை நாற்பத்தைந்தில் ஓட்டி ஆடினார்கள். அந்தக் காலத்தில் எந்தத் தட்டு வந்தாலும் அப்படித்தான். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய எபெர்த்தோ, ஏதோ ஒரு வீட்டில் மீசை முளைக்காத பையன் தன் பாட்டைப் பாடுவதைக் கேட்டு, எவனடா திருடினவன் என்று கதவைத் தட்டிவிட்டார். பாடியது அவரேதான், வேகம் கூடியதில் குரலும் மேலே ஏறியிருந்தது. பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியதும் கம்பெனிக்காரர்கள் அடுத்த பதிப்பை வேகமாகவே அச்சடித்துவிட்டார்கள். மெதுவாக ஓடிய பழைய தட்டுகள் தேய்ந்து குப்பைக்குப் போயின. அவரிடமே ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு மேடையேறிய இடமெல்லாம் வம்புதான். ரெக்கார்டில் இருக்கிற குரல் இல்லையே என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். ரோஷம் வந்து, முப்பத்தைந்து வயதில் இரண்டாம் முறை பதிவு செய்தார். அந்த வேகத்தில், அந்த உச்சத்தில், தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடினார். ஒரு வருஷம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பதில் மூன்றாம் பதிவு. அப்போது சல்சாவென்றால் காதோரம் கொஞ்ச வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது. வயலின்களுக்கு நடுவில் அவரும் கொஞ்சினார். நொயெமி வாழைக்காய் பொரித்தபடி ஒவ்வொன்றையும் கேட்டாள்.

"போன தடவ மெஷின் மாதிரிக் கத்துனீங்க. இதுல கம்பளிக்குள்ள கெடந்து மொனகுறீங்க" என்றாள். "நான் கட்டிக்கிட்ட கொரலு எந்தத் தட்டுலயும் இல்ல, போங்க."

அவள் இறந்துபோய் மூன்று வருஷமாகிறது. வீட்டில் எபெர்த்தோ ரேடியோ வைப்பதில்லை. ஒரு வாழைக்காயைப் பொரித்தால் பாதி மிஞ்சிவிடுகிறது. யாரிடமும் பேசாமலே பல நாட்கள் போய்விடும். சாயங்காலம் தன் தொண்டையிலிருந்து சத்தம் வருகிறதா என்று பார்ப்பதற்காக இருமிப் பார்த்துக்கொள்வார். அப்படியிருக்கும்போதுதான் நான்காம் முறை பதிவு செய்யத் தோன்றியது. பியானோவும் பாஸ் வாத்தியமும் மட்டும், பழைய நிதானத்தில். வயது குரலை எங்கே இறக்கிவிட்டதோ அங்கேயே நின்று பாடினார். ஒரே ஒரு தடவையாவது இந்த ஊர் தன் சொந்தக் குரலுக்கு ஆட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவரிடம் பாக்கியில்லை.

தட்டுகளைச் சுழலவிடும் ஃபனேரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"முப்பத்துமூணுலயே போடும்மா. வேகத்துல கை வைக்காத."

"நம்ம ஜனங்ககிட்டயா?" ஃபனேரி உறையைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, போடுறேன். அப்பறம் என்னையத் திட்டக்கூடாது."

பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. ஜோடிகள் ஆடுகிற தரைக்கு இறங்கின. முள் இறங்கியது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. அதுவரை பாட்டுக்கெல்லாம் கூடவே மாட்டுமணியைத் தட்டிக்கொண்டிருந்த வாடிக்கைக்காரன் அர்லெக்ஸ் ஒரு அடி தட்டினான், அடுத்ததற்குக் காத்திருந்தான், அது வருவதாகக் காணோம். தூக்கிய கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜோடிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஃபனேரி, கரண்ட்டு கம்மியா வருதா?" என்றான் அர்லெக்ஸ்.

"தட்டு தூங்குதுடி, தட்டி எழுப்பு" என்றாள் ஜிகினா ரவிக்கைக்காரி ஒருத்தி.

கேலியில் விஷமில்லை. அவர் மேல் இங்கே எல்லோருக்கும் பிரியம்தான். பிரியத்தோடுதான் ஒவ்வொருவராக மேசைக்குத் திரும்பி சோம்புச் சாராயத்தை ஊற்றிக்கொண்டார்கள். தரை வெறுமையானது. வெறுந்தரையைப் பார்த்து அந்தக் கிழட்டுக் குரல் பாடிக்கொண்டிருந்தது. தன்னைத் தனியே நிற்கவைத்திருந்தால் எபெர்த்தோ பொறுத்திருப்பார், பழகிவிட்டது. அந்தக் குரல் தனியே நிற்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. ஃபனேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தி விடும்மா" என்றார்.

விசையைத் தள்ளினாள். பாட்டு ஒரு கணம் குழறிப் பிறகு ஓடத் தொடங்கியது. அர்லெக்ஸின் மணி கச்சிதமாக அதில் போய் ஏறிக்கொண்டது. நாற்காலிகள் கிறீச்சிட, கூடம் முழுக்கத் தரைக்கு வந்துவிட்டது. மீசை முளைக்காத அந்தப் பையன் இப்போது வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எபெர்த்தோ நின்றார்.

அவன் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இறங்கி இறங்கி எங்கோ அடியில் கிடந்த குரல், வேகம் கூட்டியதும் ஏறிவந்து மிகச் சரியாக ஓர் இடத்தில் நின்றது. நெஞ்சிலிருந்து வருகிற, எதற்கும் கத்தாத குரல். மெதயின் ஸ்டுடியோவில் பாடிய இருபத்திரண்டு வயதுக்காரனின் குரல். துறைமுகத்தில் நொயெமி கேட்டது இதைத்தான். அவர் கடித்த பல்லை விட்டார். சந்தோஷம்தான், வேறென்ன சொல்வது.

அர்லெக்ஸ் மணியைத் தட்டியபடியே அருகில் வந்தான். "இப்பத்தான் சரியா இருக்கு. கொஞ்சமும் மாறல வாத்தியாரே, அந்தக் காலத்து ரெக்கார்டு மாதிரியே இருக்கு."

"அது இல்லப்பா இது. இந்தக் கொரல நீ கேட்டதே இல்ல."

"என்னது?" அர்லெக்ஸ் மணிச் சத்தத்துக்கு மேல் காதை நீட்டினான்.

"ஒண்ணுமில்ல. தட்டு, தட்டு."

பாட்டு படகேறும் இடத்துக்கு வந்துவிட்டது. கேட்டியா என்று சொல்ல வாயெடுத்தபடி எபெர்த்தோ பக்கத்தில் திரும்பினார். பக்கத்து நாற்காலியில் ஆடப்போன யாரோ ஒருத்தியின் கைப்பை இருந்தது. அதன் கீழே, அவள் கழற்றிவிட்டுப் போன வீட்டுச் செருப்புகள், அவரைப் பார்த்தபடி கிடந்தன.