பெரட்டில் கேட்காதது

...பெரிதாக ஏன் வைக்கவேண்டும், மாதத்துக்கு ஒன்று போதாதா, தம்பி யுகேந்திரன் நேற்று போனில் சொன்னது இன்னும் காதைக் குடைகிறது, "அக்கா, வருசம் பொறக்குது, டார்கெட்னா பெருசா வைக்கணும் லா, ஈப்போல இன்னொரு கடை போடு," அவனுக்கென்ன, வாயாலேயே கடை திறந்து பூசையும் போட்டுவிடுவான்... குமுதா ஆவிப் பானையின் மூடியைத் தூக்கினாள், விடிந்தும் விடியாமலும் கேமரன் மலைக்குப் போகும் கார்கள் சிம்பாங் பூலாய்ச் சந்தியில் வரிசை கட்டிவிட்டன, வருடத்தின் கடைசி நாள், ஏழு மணிக்குள் இருநூறு இடியாப்பம் வேண்டும். ஆணியில் தொங்கும் பன்னிரண்டு தாள்களைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடுகிறது, மாதம் பிறந்தால் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் ஒரே ஒரு திருத்தம் எழுதுவாள், அவ்வளவுதான், ஜனவரியில் சிவப்புச் சீனியைச் சலித்து வைப்பது, மார்ச்சில் வாழையிலையை முதல்நாளே துடைத்து நறுக்குவது, ஜூலையில் தேங்காய்ப்பூவில் ஒரு சிட்டிகை உப்பு, அந்த உப்புக்காகவே பத்து காஜா ஊரிலிருந்து ஒரு சீனத்து ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் வருகிறாள், நல்லா இருக்கட்டும், தாயே மாரியம்மா, இந்த அடுப்பை அணையாமல் காத்தாயே, உனக்குக் கோடி நன்றி.

நாளைக்கு என்ன எழுதுவது? முதுகுக்குப் பின்னால் இடியாப்ப உரல் முனகியது, அதைப் பிழிகிறவள் பெயரும் மாரியம்மாதான், பதினோரு வருடமாக அந்த மர உரல் அவள் கையில். இருவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள், அங்கே விடியற்காலையில் கணக்கெழுதும் கிராணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டை இங்கேயும் விடவில்லை, ஐந்து மணிக்கு வாசலில் நின்று குமுதா, "மாரியம்மாக்கா!" என்று கத்துவாள், இருப்பதே ஒரே ஆள், "வந்துட்டேன் லா!" என்று பதில் வரும், சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பார்கள். இன்றைக்கு அந்தப் பதில் கொஞ்சம் தாமதமாக வந்ததோ... திரும்பிப் பார்த்தாள், அக்கா இடது கையால் பிழிகிறாள், எப்போதிருந்து இடது கை? குட்டை முக்காலியில் உட்கார்ந்து, உடம்பு பாரம் முழுவதையும் உரல் மேல் சாய்த்து, அந்த முக்காலி செப்டம்பர் தாளில் இருக்கிறது, 'வேகம் கூடும்' என்று குமுதாவே பெருமையாக எழுதியது, ஆனால் அதை முதலில் இழுத்துப் போட்டது யார்? அக்காதானே, வேகத்துக்காகவா போட்டாள்?

"தோளு வலிக்குதாக்கா?"

"நாலஞ்சு மாசமா இருக்கு லா. மக அவ ஊரு சித்தியவானுக்கே வந்திருன்னு கூப்புடுறா."

"சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கலியே."

கிராணி மட்டும் கேட்டாரா, வந்த தலையை எண்ணினார், குமுதாவும் பதினோரு வருடமாக எண்ணத்தானே செய்திருக்கிறாள், பன்னிரண்டு தாளும் தின்பவர்களுக்காக, பிழிகிற கைக்கு ஒன்றுகூட இல்லை... உரலைப் பிடுங்கிக்கொண்டு குமுதா பிழிந்தாள், ஐந்தாவது தட்டிலேயே தோள் கடுத்தது, இதையா தினமும் இருநூறு, சாமிக்குச் சொன்ன நன்றியில் பாதியாவது இந்தத் தோளுக்குச் சொல்லியிருக்கவேண்டாமா, "நீங்க இல்லன்னா எனக்கு ஏதுக்கா கடை," என்றாள், மாரியம்மா முந்தானையால் அவள் முகத்து மாவைத் துடைத்துவிட்டாள். இன்றைய தாளைக் கிழித்து எழுதினாள், 'ஜனவரி, அமுக்காமல் திருகி இறக்கும் உரல், அக்கா கைக்குத் தோதாகப் பார்த்து வாங்கவேண்டும்.' யுகேந்திரன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வருவீங்களாக்கா?"

"கூப்புட்டுப் பாரு."

கடை முன்னால் முதல் கார் வந்து நின்றது, குமுதா இலையை எடுத்தாள், கூப்பிட்டால் பதில் வரும் என்றுதான் இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறாள், வராமலும் போகலாம் என்பது இதுவரை தோன்றியதே இல்லை, நாளைக்கு வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுவது...